அரும்பொருளகமும் நூலகமும்: ஸ்டாம்ஃபர்ட் சாலைக் கட்டடத்தில் தமிழுக்குக் கிடைத்த இடம்

ஆங்கிலத்தில் மியூசியம் எனப்படும் நிறுவனத்திற்குத் தமிழர் எல்லா நாட்டிலும் ஒரே பெயரை இடவில்லை. தமிழகத்தாரும் மலேசியத் தமிழரும் அதனை அருங்காட்சியகம் என்கின்றனர். சிங்கப்பூரில் அது அரும்பொருளகம். இலங்கையில் நெடுங்காலம் நூதனசாலை என்றே வழங்கியது. மூன்று பெயர்களும் ஒரே நிறுவனத்தை வெவ்வேறு கோணத்தில் நின்று நோக்குகின்றன. முதற்சொல் காண்பவரின் கண்ணை முன்னிறுத்துகிறது. இரண்டாவது சொல் உள்ளே வைக்கப்பட்ட பொருளை. மூன்றாவதோ, பழைமைக்கு உரியதென்று நாம் கருதும் இடத்தைப் புதுமைக்கு உரியதாகப் பெயரிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அவ்விடத்திற்குள் முதன்முறை நுழைந்தவருக்கு யாவும் நூதனமாகவே தோன்றியிருக்கும் ஆதலின், அப்பெயரில் குற்றம் காண இடமில்லை.

நான்காவது பெயரொன்றும் உண்டு. அதனைப் புலவர் எவரும் ஆக்கவில்லை. சென்னை நகரத்து எளிய மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் வழங்கினர். இதனை வேடிக்கைப் பேச்சென்று தள்ளுவோர் உளர். ஆயினும் அச்சொற்களுக்குள் செம்மையான வரலாறு பொதிந்திருக்கிறது. எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் 1851-ல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் முதலில் இருந்த இடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. பாந்தியன் வளாகத்திற்கு அது பின்னரே பெயர்ந்தது. விலங்குக் காட்சியும் அதே அருங்காட்சியகத்தின் ஒரு கிளையாகத் தோன்றிப் பிறகு பிரிந்து சென்றது. இடம் பெயர்ந்த பின்னும் மக்கள் நாவில் காலேஜ் காலேஜாகவே இருந்தது. அதே கல்லூரி நிறுவனத்தைச் சார்ந்த எல்லிஸ்தான் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பமாக நிற்பன என்பதை 1816-ல் எடுத்துக்காட்டியவர் என்பது மொழியியல் மாணவர்க்கு நினைவில் எழும். திராவிட மொழியியலும் சென்னை அருங்காட்சியகமும் ஒரே கல்லூரியோடு தொடர்புடையன என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அருங்காட்சியகம், அரும்பொருளகம் ஆகிய இரண்டிலும் நாம் கவனிக்க வேண்டிய உறுப்பு ‘அருமை’ என்பது. ஒரு பொருள் அரியதாக இருந்தால்தான் அதற்கு உள்ளே இடமுண்டு. எது அரியது, எந்த வகையில் அரியது, எவ்வறையில் வைக்கத்தக்கது என்று முடிவு செய்வோர் ஒரு சமுதாயத்தின் பண்பாட்டு வாழ்வையும் வரிசைப்படுத்தி விடுகின்றனர். நூலகமும் வரிசைப்படுத்தும் நிறுவனமே. ஆனால் அதன் அளவுகோல் வேறு. இவ்வேறுபாட்டைச் சிங்கப்பூரின் ஒரு கட்டடத்தை வைத்து ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். அக்கட்டடத்தில் அரும்பொருளகமும் நூலகமும் எழுபதாண்டுகளுக்கு மேல் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

சிங்கப்பூரில் அரும்பொருள் சேர்க்கும் எண்ணம் 1849-ல் தொடங்கியது. ஜொகூர்த் தெமெங்கோங் இரண்டு தங்க நாணயங்களை அளித்ததிலிருந்து அவ்வரலாற்றைக் கூறுவர். 1874-ல் அரசு அதனை ஏற்று ராஃபிள்ஸ் நூலகமும் அரும்பொருளகமும் என்னும் நிறுவனமாக்கியது. ஸ்டாம்ஃபர்ட் சாலையில் குவிமாடத்துடன் எழுந்த கட்டடம் 1887 அக்டோபர் 12-ல் திறக்கப்பட்டது. விக்டோரியா அரசியாரின் ஆட்சிப் பொன்விழாவையொட்டிய திறப்பு அது.

அதே 1887-ல் சிங்கப்பூர்த் தமிழுலகில் இரண்டு நிகழ்ந்தன. அதே பொன்விழாவையொட்டி ஜூன் திங்களில் மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ வார இதழைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ அவ்வாண்டில்தான் அச்சேறியது. ஒரு முஸ்லிம் பத்திரிகையாசிரியர், ஒரு சைவப் புலவர், ஓர் ஆங்கிலேய அரும்பொருளகம். மூன்றும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில். ஆயினும் அம்மூன்றாவது நிறுவனம் முன்னிரண்டையும் தன் பொருளாகக் கருதவில்லை.

அதற்குக் காரணம் பகைமையன்று, பாகுபாட்டு முறை. அக்காலத்து அரும்பொருளகம் இயற்கை வரலாற்றையும் இனவரைவியலையும் தன் துறைகளாகக் கொண்டது. பறவை, பூச்சி, மீன், பாலூட்டி எனத் தீவுக்கூட்டத்தின் உயிர்களைப் பதப்படுத்தி வைத்தது. பின்னர் இப்பகுதிப் பழங்குடியினரின் படகு, கூடை, படைக்கருவிகளைச் சேர்த்தது. இத்திட்டத்தில் ‘இம்மண்ணுக்கு உரியோர்’ என்ற வகைக்கு இடமிருந்தது. கப்பலேறி வந்தோருக்கு இல்லை. சீனரும் தமிழரும் நகரத்தை நிரப்பியிருந்தனர், ஆனால் வந்தேறிகளாகக் கருதப்பட்டனர். அவர்கள் அன்றாடம் புழங்கிய பொருள் அன்றாடப் பொருளாகையால் அரும்பொருளாகவில்லை. பார்வையாளராக மட்டும் அவர்கள் உள்ளே வந்தனர். சீனப் புத்தாண்டு நாள்களில் கட்டடம் கொள்ளாத கூட்டமிருக்கும். 1892-ல் மலாக்காவுக்கருகே கரையொதுங்கிய திமிங்கிலத்தின் 42 அடி எலும்புக்கூடு 1907 முதல் அங்கே தொங்கியது. முதிய தலைமுறையினரிடம் அரும்பொருளகம் என்றால் இன்றும் அவர்கள் முதலில் சொல்வது அத்திமிங்கிலத்தைத்தான்.

தமிழர் ஆர்வத்தோடு நோக்கிய பொருளொன்றும் அங்கே உண்டு. சிங்கப்பூர் ஆற்றுமுகத்தில் 1819-ல் கண்டறியப்பட்ட பெரும் பாறையில் சுமார் 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. படிப்பார் இல்லாமலே 1843-ல் கட்டுமான வேலைக்காக அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். ஜேம்ஸ் லோ என்னும் படையதிகாரி சில துண்டுகளைக் காப்பாற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். கெடாவில் புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்வெட்டைக் கண்டெடுத்தவரும் அவரே. அதுவும் கல்கத்தாவுக்கே சென்றது. சிங்கப்பூர்க் கல்லின் ஒரு துண்டு மட்டும் பல்லாண்டு கழித்துத் திரும்பி வந்தது. அதன் எழுத்து இன்றுவரை படிக்கப்படவில்லை. பழஞ்சாவக மொழி என்றார் சிலர். சமஸ்கிருதம் என்றார் சிலர். தமிழ் என்று கருதியவர்களும் உண்டு. நம் மேடைகளில் சிலர் இக்கடைசிக் கருத்தை முடிந்த முடிவாகச் சொல்லக் கேட்கிறோம். படிக்கப்படாத எழுத்துக்கு மொழி கூறுதல் மொழியியல் ஆகாது. இம்மண்ணில் நம் பழைமையை நிறுவ ஐயத்திற்குரிய கல் வேண்டுவதில்லை. சுமத்திராவின் பாரூசில் கிடைத்த, 1088-ஐச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு திசையாயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் பெயரைத் தெளிவாகவே சொல்கிறது.

அரும்பொருளகம் நமக்கு இடம் தராதிருந்த அதே கூரையின் கீழ் நூலகம் என்ன செய்தது? அதுவும் தொடக்கத்தில் நமக்கு உரியதாக இல்லை. நூல்களை இரவல் பெறச் சந்தா கட்ட வேண்டும். நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலம். உறுப்பினர் பெரும்பாலும் ஐரோப்பியர். ஆனால் ஒரு சட்டம் அறியாமலே நமக்குத் துணைசெய்தது. நீரிணைக் குடியேற்றங்களில் அச்சாகும் நூல்களைப் பதிவு செய்ய வேண்டும், அரசிடம் படிகளை ஒப்படைக்க வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டின் நூற்பதிவுச் சட்டம் விதித்தது. அதன்படி அரசிதழில் பட்டியல்கள் வெளிவந்தன. நூற்பெயர், மொழி, அச்சகம், பக்கம், படிகளின் எண்ணிக்கை, விலை எனப் பத்திகள். அப்பட்டியலில் தமிழ் ஒரு மொழியாக நின்றது. மலாய்க்கும் சீனத்திற்கும் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். எந்த நூல் அரியது என்று அச்சட்டம் கேட்கவில்லை. அச்சானதா என்று மட்டுமே கேட்டது. ஒப்பாரியானாலும் அந்தாதியானாலும் பதிவேட்டில் ஒரு வரி.

அரசு அதனைத் தமிழ்மேல் கொண்ட பற்றினால் செய்யவில்லை. அச்சகங்கள் என்ன வெளியிடுகின்றன என்று கண்காணிக்கும் எண்ணமும் அதில் இருந்தது. படிகள் சில லண்டனுக்குச் சென்றன. அதனால்தான் அந்நூற்றாண்டின் மலாயாத் தமிழ் அச்சை ஆராய்வோர் பிரித்தானிய நூலகத்தையும் நாட வேண்டியிருக்கிறது. உள்ளூர் ஈரப்பதமும் கரையானும் போக்கியவற்றை அயலூரின் அலமாரி வைத்திருக்கிறது. இதை நன்றியோடு நினைப்பதா வருத்தத்தோடு நினைப்பதா என்பதில் நம்மவர் ஒருமித்த கருத்தினரல்லர். இரண்டும் தகும் என்பது நம் எண்ணம்.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழர் தம் பண்பாட்டு வாழ்வைத் தாமே நிறுவனமாக்கினர். கோயில்களும் பள்ளிவாசல்களும் முன்பே இருந்தன. 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935 ஜூலையில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ வெளிவந்தது. 1952-ல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், சமய வேறுபாடின்றித் தமிழர் கூடும் விழாவாக அமைந்தது. இவற்றுள் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி. அப்போது சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கவிருந்தது. அதில் எம்மொழி முதன்மை பெறுவது, சமஸ்கிருதமா தமிழா என்ற வழக்கு எழுந்தது. தமிழே வேண்டும் என்று முரசு இயக்கம் நடத்தியது. நிதி திரட்டியது எதற்கென்று பார்த்தால், சிலைக்கன்று, மண்டபத்திற்கன்று. அத்துறையின் தமிழ் நூல்களுக்கு. எளிய தொழிலாளரும் சிறுதொகை அளித்தனர். தாம் நுழையாத பல்கலைக்கழகத்தின் புத்தக அலமாரிக்குக் கூலியில் மிச்சம் பிடித்துக் கொடுத்த அம்மக்களின் அளவுகோல் இவ்விரு நிறுவனங்களுள் எதனைச் சார்ந்தது என்பது தெளிவு. துறை 1956-ல் தொடங்கியது; பின்னர்க் கோலாலம்பூருக்குப் பெயர்ந்தது. தனிநாயகம் அடிகள் அதன் தலைமையேற்றிருந்த காலத்தில்தான் 1966-ல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அந்நகரில் கூடியது.

அதே பத்தாண்டில் ஸ்டாம்ஃபர்ட் சாலையிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அதனை நிகழ்த்தியவர் ஒரு சீன வணிகர். 1953-ல் லீ கொங் சியான் பொது நூலகத்திற்கு 375,000 வெள்ளி தர முன்வந்தார். அவர் விதித்த நிபந்தனைகள் தொகையினும் பெரியன: நூலகம் கட்டணமின்றி இயங்க வேண்டும், இங்குள்ள ஆசிய மொழி நூல்களையும் அது வைக்க வேண்டும். 1957-ல் அவரே அடிக்கல் நாட்டினார். 1958 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம் சந்தாவை நீக்கியது. மலாய், சீனம், தமிழ் நூல்களைச் சேர்ப்பதை நூலகத்தின் கடமையாக்கியது. 1960 நவம்பர் 12-ல் செங்கல் கட்டடத்தில் தேசிய நூலகம் திறக்கப்பட்டது. நூலகமும் அரும்பொருளகமும் அத்துடன் பிரிந்தன. அச்செங்கல் கட்டடம் இன்று இல்லை. சுரங்கச் சாலைக்காக இடிக்கப்பட்டது. அதன் தமிழ் அலமாரிகளுக்கிடையே வளர்ந்த ஆசிரியர்கள் பலர் இதனை வாசிப்போரிடையேயும் இருக்கக்கூடும்.

பிரிந்த அரும்பொருளகத்தின் கதையை விரைந்து கூறலாம். 1972-ல் விலங்கியல் தொகுப்பு பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 1974-ல் திமிங்கிலம் மலேசிய தேசிய அருங்காட்சியகத்திற்குப் பரிசாகச் சென்றது. தேசிய அரும்பொருளகம் இப்போது தேசத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1993-ல் தேசிய மரபுடைமைக் கழகம் அமைந்தது. ‘மரபுடைமை’ என்பது சிங்கப்பூர்த் தமிழ் தந்த நல்ல ஆக்கம். ஆனால் அதிலும் ‘உடைமை’ இருக்கிறது, அரும்பொருளில் ‘பொருள்’ இருப்பதுபோல. உடைமை என்றால் உடையவர் யார் என்ற கேள்வி எழும். மலாய் மரபுடைமை நிலையம், பெரனக்கான் அரும்பொருளகம், 2015 மே திங்களில் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் என இனவாரியாக விடை தரப்பட்டது. வந்தேறிகள் என்று வெளியே நின்றோருக்கு இல்லம் கிடைத்தது பெரிய பேறு. அதனைக் குறைத்துச் சொல்ல நாம் ஒருப்படோம். ஆனால் இவ்வில்லத்தின் வாயிற்பெயர் இனப்பெயர், மொழிப்பெயரன்று.

இந்திய மரபுடைமை நிலையத்தின் புகழ்பெற்ற காட்சிப் பொருள் செட்டிநாட்டு வாயில் நிலை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஏறத்தாழ 5000 சிற்றுருவங்கள் செதுக்கப்பட்டது. அதன் முன் நின்று வியக்காதவர் இரார். ஆனால் அந்த மரநிலை சிங்கப்பூரில் புழங்கியதன்று. சிங்கப்பூரில் செட்டியார்கள் வாழ்ந்த இடம் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகள். தமிழர் நாவில் அது செட்டித் தெரு. நீண்ட கூடம், வரிசையாகக் கணக்குப் பெட்டிகள், பகலில் வட்டிக்கடை, இரவில் அங்கேயே படுக்கை. நகரச் சீரமைப்பில் அக்கிட்டங்கிகள் மறைந்தன. அழகிய கதவு கிடைத்தது. கணக்குப் பெட்டிகள் இருந்த கூடம் கிடைக்கவில்லை. அருமை என்ற அளவுகோல் வேலை செய்யும் விதம் இது. கிட்டங்கி என்ற சொல்லோ இன்னும் இருக்கிறது. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிட்டங்கி, மலாயில் குடாங், ஆங்கிலத்தில் கோடவுன் என்று வங்கக் கடலின் இருகரையிலும் அலையும் சொல் அது. எது எதனைப் பெற்றது என்பதில் அறிஞர் வேறுபடுவர். அச்சொல்லைக் காட்சிப்பேழையில் வைக்க முடியாது. பழைய பத்திரிகையின் விளம்பரப் பக்கத்தில் படிக்க முடியும்.

தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்காவும் எண்ணத்தக்கது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையே அதனைக் கட்டினர். 1974-ல் தேசிய நினைவுச் சின்னமாகவும், 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகவும் ஆயிற்று. வழிபாட்டிடம் காட்சியிடமானது, கட்டடம் பிழைத்தது. இப்போது ஒரு வினா. 1872-ல் சிங்கப்பூரில் அச்சான ‘முனாஜாத்துத் திரட்டு’ என்னும் இசுலாமியத் தமிழ்ச் செய்யுள் நூலைக் காட்சிக்கு வைப்பதானால் எங்கே வைப்பது? இந்திய முஸ்லிம் மரபு என்ற தலைப்பின் கீழ் வைப்பர். சிங்கைநகர் அந்தாதியை இந்து சமயத் தலைப்பின் கீழோ, ஆசிரியரின் ஊர் கருதி இலங்கைத் தமிழர் என்ற தலைப்பின் கீழோ வைப்பர். சிங்கை நேசனை அச்சுத்தொழில் வரலாற்றில் வைப்பர். மூன்றும் மூன்று மூலைக்குப் போகும். நூலகத்திலோ அவை மூன்றும் ஒரே அலமாரியில் தோளோடு தோள் உரசி நிற்கும். ஏனெனில் நூலகம் மொழியால் அடுக்குகிறது. அவ்வாசிரியர்கள் தம் காலத்தில் வாழ்ந்ததும் அவ்வாறே. அந்தாதி பாடிய பண்டிதரும் பத்திரிகை நடத்திய சாயபும் ஒரே தமிழ் வாசகருக்காகவே எழுதினர்.

பதிவேட்டில் ஏற்றிவிட்டால் மட்டும் ஒன்று காப்பாற்றப்பட்டதாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கை 1930களில் அகழ்ந்த குவாரிச் வேல்ஸ், கண்ட இடங்களுக்கெல்லாம் எண் கொடுத்தார். எட்டாம் எண்ணுடைய புக்கிட் பத்து பகாட் கோயில் பின்னர் மீட்டமைக்கப்பட்டு மெர்போக் அருங்காட்சியகத்தின் பெருமையாக நிற்கிறது. பதினொன்றாம் எண்ணுடைய சுங்கை பத்து சண்டியோ தனியார் நிலத்தில் இருந்தது. வீடமைப்புக்காக அதனை இடித்துவிட்ட செய்தி 2013 டிசம்பரில் வெளியாயிற்று. எண் இருந்தது, சட்டப் பாதுகாப்பு இல்லை. கடாரம் என்று நாம் உணர்ச்சியோடு பேசும் இடம் அது. மலேசிய அகழ்வாய்வாளர் அங்குள்ள இரும்புருக்கும் தொழிலை உள்ளூர் மக்களின் திறனாகக் காண்கின்றனர். அவ்விளக்கத்தைச் சோழர் பெருமைக்கு இழுக்கென்று நம்மவர் கருத வேண்டியதில்லை. வணிகர் வந்தது வாங்கத்தக்க பொருள் அங்கே இருந்ததனால்தான்.

2015 இன்னொரு வகையிலும் குறிப்பிடத்தக்க ஆண்டு. இந்திய மரபுடைமை நிலையம் திறந்த அதே ஆண்டில், சிங்கப்பூர் விடுதலைக்குப் பிந்திய 50 ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்கள், ஏறத்தாழ 350, மின்வடிவாக்கப்பட்டுத் தேசிய நூலக வாரியத்தின் வழியே பொதுமக்களுக்குக் கிடைத்தன. சமூகத் தொண்டர்கள் எழுத்தாளரையும் அவர்தம் குடும்பத்தாரையும் அணுகி இசைவு பெற்றுச் செய்த பணி அது. பழைய தமிழ் முரசு இதழ்களும் இன்று கணினியில் படிக்கக் கிடைக்கின்றன. மொழியியல் நோக்கில் அவ்விதழ்கள் எந்தக் காட்சிக்கூடத்தினும் வளமானவை. கம்பம், பசார், ரோத்தான், தவுக்கே, சம்சு முதலான மலாயாத் தமிழ்ச் சொற்கள் எப்போது அச்சேறின, எப்போது மேற்கோள் குறி இழந்து இயல்பான தமிழ்ச் சொற்களாயின என்பதை ஆண்டுவாரியாகத் தேடிக் காட்ட இயலும். உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒருவரே ஒரு விடுமுறைக்காலத்தில் செய்து முடிக்கத்தக்க ஆய்வு இது.

தேடிக் கிடைக்காதவையும் பல. கும்பாபிஷேக மலர், சங்க ஆண்டு விழா மலர், பள்ளி இதழ், நாடக அறிவிப்பு, திருமண வாழ்த்து மடல் ஆகியவற்றில் எழுதியோர் பெரும்பாலும் தமிழாசிரியர்களே. அவற்றை நூல் என்று எவரும் எண்ணாததால் வீட்டுப் பரணில் கிடந்து, வீடு மாறும்போது பழைய தாளோடு போய்விடுகின்றன. தற்போதைய சட்டப்படி சிங்கப்பூரில் வெளியாகும் நூலுக்கு இரண்டு படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். கோயில் விழா மலரும் வெளியீடுதான். 1886-ன் சட்டத்தைப் போலவே இதுவும் அருமை பார்ப்பதில்லை. அச்சகத்திலிருந்து மலர்க்கட்டு வந்திறங்கும் நாளில், மேடையில் முதற்படி பெறுவோர் பட்டியலை எழுதும் செயலாளர் அவ்விரு படிகளையும் தனியே எடுத்து வைத்தால் போதும்.